கண் சிமிட்டும் திரை: ஃபைல் எக்ஸ்புளோரர் ஏன் திரும்பத் திரும்ப விழுகிறது?

மாணவர்களே, இப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறீர்களா? மடிக்கணினியில் ஒரு கோப்புறையைத் திறக்கிறீர்கள். திரையின் அடியில் இருக்கும் பணிப்பட்டை சட்டென்று மறைகிறது. முகப்புத் திரையில் இருந்த படக்குறிகள் எல்லாம் காணாமற்போகின்றன. இரண்டு விநாடியில் அனைத்தும் திரும்பி வருகின்றன; திறந்திருந்த கோப்புறை மட்டும் இல்லை. மறுபடி திறக்கிறீர்கள். மறுபடியும் அதே கதை. பிரவுசரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு மட்டும் நிற்காமல் ஓடுகிறது.

நாளை அனுப்ப வேண்டிய கெர்ஜா குர்சுஸ் அந்தக் கோப்புறையில்தான் இருக்கிறது. தாத்தா பாட்டியின் பழைய தோட்டத்துப் படங்களை ஸ்கேன் செய்து வைத்ததும் அங்கேயேதான். யாரிடம் கேட்டாலும் ஒரே பதில் வரும்: "ஃபார்மட் பண்ணிடு." நகல் எடுக்காமல் ஃபார்மட் செய்தால் நோயோடு நோயாளியும் போய்விடுவான். இந்த நோய்க்கு அது பெரும்பாலும் தேவையே இல்லை. காரணத்தைத் தெரிந்துகொண்டால் வீட்டிலேயே பிடித்துவிடலாம்.

முதலில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கோப்புறையைக் காட்டும் நிரல் விழுந்தபோது பணிப்பட்டை ஏன் மறைந்தது? இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் ஒரே நிரல் என்பதுதான் விடை. விண்டோஸில் எக்ஸ்புளோரர் என்ற ஒரே நிரல் கோப்புறைச் சன்னல்களைத் திறக்கிறது, பணிப்பட்டையை வரைகிறது, முகப்புத் திரையில் படக்குறிகளை அடுக்குகிறது. 1985இல் வந்த முதல் விண்டோஸில் கோப்புகளுக்கென்று எம்.எஸ்.டாஸ் எக்ஸிகியூட்டிவ் என்ற தனி நிரல் இருந்தது. 1990இல் வந்த விண்டோஸ் 3.0இல் ஃபைல் மேனேஜர் அந்த இடத்துக்கு வந்தது. அது விழுந்தால் அது மட்டும்தான் விழும். 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தபோது இந்த வேலைகள் எல்லாம் எக்ஸ்புளோரரின் தலையில் வந்து சேர்ந்தன. அந்த அமைப்பின் பெரும்பகுதி இன்றும் அப்படியே இருக்கிறது.

விழுந்த எக்ஸ்புளோரரை எழுப்புவது யார்? வின்லோகான் என்ற இன்னொரு நிரல். நீங்கள் கடவுச்சொல் கொடுத்து உள்ளே நுழையும்போது காவலுக்கு நிற்பது அதுதான். விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் ஆட்டோரீஸ்டார்ட்ஷெல் என்று ஒரு குறிப்பு உண்டு. அதன் மதிப்பு 1 என்று இருந்தால், எக்ஸ்புளோரர் எதிர்பாராமல் நின்றவுடன் அதை மறுபடி தொடங்கிவிட வேண்டும் என்பது உத்தரவு. ஆகவே திரை கண் சிமிட்டுவது கோளாறு அல்ல, கோளாறுக்குப் பிறகு நடக்கும் முதலுதவி. விழுந்ததற்கான காரணம் அப்படியே இருந்தால், எழுந்த எக்ஸ்புளோரர் மறுபடி அதே கல்லில் தடுக்கி விழும்.

அந்தக் கல் எங்கே இருக்கிறது? இங்கேதான் விஷயம் சுவையாகிறது.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில், டோவன்பி என்று தோட்டப் பெயர்களைச் சொல்லிப் பேசும் பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், பழைய லயத்து வீடு எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஒரே நீளக் கூரை, அதன்கீழ் வரிசையாகக் குடும்பங்கள். பழைய லயங்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரைவரை எட்டாது. ஒரு வீட்டில் அடுப்பு புகைந்தால் வரிசை முழுக்க இருமும். எக்ஸ்புளோரரும் அப்படி ஒரு லயம்தான். அதற்குள் மைக்ரோசாஃப்ட்டின் நிரல்வரிகள் மட்டும் குடியிருக்கவில்லை. வெளியார் பலரும் வந்து தங்கியிருக்கிறார்கள்.

ஒரு கோப்பின்மேல் வலது சொடுக்குச் செய்யுங்கள். "வின்ரார் கொண்டு சுருக்கு", "வைரஸ் இருக்கிறதா என்று சோதி", "டிரைவில் பகிர்" என்றெல்லாம் பட்டியல் நீளும். இவற்றை எக்ஸ்புளோரர் எழுதவில்லை. நீங்கள் நிறுவிய ஒவ்வொரு மென்பொருளும் தன் சார்பில் ஒரு சிறு நிரல்துண்டை எக்ஸ்புளோரருக்குள் குடிவைத்திருக்கிறது. இதற்கு ஷெல் எக்ஸ்டென்ஷன், அதாவது ஷெல் நீட்சி என்று பெயர். வலது சொடுக்குப் பட்டியலுக்கு ஒரு வகை, கோப்பின் படக்குறி மூலையில் பச்சை டிக் போடுவதற்கு ஒரு வகை, படத்தின் சிறுவடிவத்தைக் காட்டுவதற்கு ஒரு வகை. (பச்சை டிக் போடும் வகையில் 15 பேருக்குத்தான் விண்டோஸ் இடம் தரும். பட்டியல் அகரவரிசையில் படிக்கப்படுவதால், சில நிறுவனங்கள் தங்கள் நீட்சியின் பெயருக்கு முன்னால் வெற்றிடங்களைச் சேர்த்து வரிசையில் முந்திக்கொள்கின்றன. வரிசையில் இடித்துப் புகுவது மனிதர்களின் பழக்கம் மட்டுமல்ல போலும்.)

இந்த நீட்சிகளில் பெரும்பாலானவை எக்ஸ்புளோரரின் நினைவகத்துக்குள்ளேயே ஓடுகின்றன. நடுவில் சுவர் கிடையாது. ஒரு நீட்சி, தனக்கு உரிமையில்லாத நினைவக முகவரியைத் தொட முயன்றால், விண்டோஸ் அந்த நீட்சியை மட்டும் தண்டிக்க முடியாது. குற்றம் நடந்த வீடு எக்ஸ்புளோரர் என்பதால் எக்ஸ்புளோரர் முழுவதையும் நிறுத்துகிறது. பிரவுசரின் பாட்டு ஏன் நிற்கவில்லை என்பதும் இப்போது புரியும். அது வேறு கூரையின் கீழ் இருக்கிறது.

மைக்ரோசாஃப்ட் இதை அறியாமல் இல்லை. விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு, படங்களின் சிறுவடிவத்தைத் தயாரிக்கும் நீட்சிகளை வழக்கமாகத் தனி நிரலில் ஓட விடுகிறார்கள். அதனால் கெட்டுப்போன ஒரு வீடியோ கோப்பு இருந்தால், "காம் சரகேட் வேலை செய்வதை நிறுத்திவிட்டது" என்று ஒரு செய்தி வருமே தவிர, எக்ஸ்புளோரர் பிழைத்துக்கொள்ளும். கூரைவரை சுவர் எழுப்பிய வீடு அது. ஆனால் வலது சொடுக்குப் பட்டியலின் பழைய நீட்சிகளுக்கு அந்தச் சுவர் இல்லை.

கோப்பைத் திறக்காமலே, சும்மா பட்டியலைப் பார்ப்பதாலேயே எக்ஸ்புளோரர் எப்படி விழும் என்று சிலர் கேட்பார்கள். ஒரு கோப்புறையைக் காட்டுவது என்பது சும்மா இருப்பது அல்ல. ஒவ்வொரு கோப்புக்கும் படக்குறி தேட வேண்டும், சில கோப்புகளின் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். 2010 ஜூனில் பெலாரஸ் நாட்டின் ஒரு பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் இந்தப் பழக்கத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டது. பெண்டிரைவில் இருக்கும் குறுக்குவழிக் கோப்பின் படக்குறியை எக்ஸ்புளோரர் காட்டினாலே போதும், தீநிரல் உள்ளே நுழைந்துவிடும். யாரும் எதையும் சொடுக்க வேண்டியதில்லை. அந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு ஆகஸ்டில் அடைத்தது.

இனி வேலைக்கு வருவோம். கோளாறைத் தேடுவதற்கு முன் கோப்புகளைக் காப்பாற்றுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

பள்ளிக்கான டெலிமா கணக்கின் வழியாக கூகல் டிரைவிலோ ஒன்டிரைவிலோ வேலையைச் சேமிக்கும் பழக்கம் இருந்தால், பிரவுசரைத் திறந்து அது அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கணினியைப் பாதுகாப்பு நிலையில், அதாவது சேஃப் மோடில் தொடங்க வேண்டும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியே ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் நீலத் திரையில் டிரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், பிறகு ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ். கணினி மறுபடி தொடங்கியதும் எண்ணிட்ட ஒரு பட்டியல் வரும். 4ஐ அழுத்தினால் சேஃப் மோடு. தேவையான டிரைவர்களும் சேவைகளும் மட்டும் ஓடும் என்பதால் எக்ஸ்புளோரர் பல வேளைகளில் அடங்கி இருக்கும். பெண்டிரைவுக்கு நகலெடுத்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். சேஃப் மோடுக்குப் போகும் வழியில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கப்படலாம். அது பெரும்பாலும் கணினியின் உரிமையாளருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

சேஃப் மோடிலும் விழுகிறதா? அதே பட்டியலில் 6ஐத் தேர்ந்தெடுங்கள். அங்கே எக்ஸ்புளோரருக்கு வேலையே கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளை வரி மட்டும் வரும். ரோபோகாப்பி என்ற கட்டளையைத் தட்டி, எந்தக் கோப்புறை, எங்கே போக வேண்டும் என்பதை அடுத்தடுத்துக் கொடுத்து, கடைசியில் சாய்கோடும் ஆங்கில ஈ எழுத்தும் சேர்த்தால் உட்கோப்புறைகளோடு நகலாகும். தமிழில் பெயரிட்ட கோப்புகள் அந்தத் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியலாம். பயப்பட வேண்டாம். அந்தத் திரைக்குத் தமிழை வரையத் தெரியவில்லை, அவ்வளவுதான். நகல் சரியாகவே போய்ச் சேரும்.

கோப்புகள் கைக்கு வந்துவிட்டன. இப்போது துப்பறியலாம்.

எப்போது விழுகிறது என்பதே முதல் துப்பு. ஒரு தாளை எடுத்து, விழும் ஒவ்வொரு முறையும் அதற்குச் சற்று முன் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். வலது சொடுக்கின்போது மட்டும் விழுந்தால் பட்டியல் நீட்சிகளில் ஒன்று. விண்டோஸ் 11இல் சுருக்கமான பட்டியல் நன்றாக வந்து, "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" கொடுத்தவுடன் விழுந்தால் சந்தேகம் பழைய நீட்சிகள்மேல் இன்னும் உறுதியாகும். ஒரே ஒரு கோப்புறையில் நுழையும்போது விழுந்தால் அதற்குள் இருக்கும் ஏதோ ஒரு கோப்பு. எதையும் தொடாமலே, உள்நுழைந்த சில நிமிடங்களில் விழுந்தால் தானே தொடங்கும் மென்பொருள் ஒன்றைச் சந்தேகிக்கலாம். எந்த ஒழுங்கும் இல்லாமல், எக்ஸ்புளோரரோடு பிரவுசரும் வேர்டும்கூட அவ்வப்போது விழுந்தால் கதை வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது துப்பை விண்டோஸே எழுதி வைத்திருக்கிறது. ஸ்டார்ட்டில் ஈவென்ட் வியூவர் என்று தேடுங்கள். அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன். சிவப்புக் குறியோடு, நிகழ்வு எண் 1000 என்று இருக்கும் பதிவைத் திறந்தால் மூன்று வரிகள் முக்கியம். விழுந்த நிரலின் பெயர், அது எக்ஸ்புளோரர்தான். அடுத்தது ஃபால்ட்டிங் மாட்யூல், அதாவது எந்த நிரல்துண்டு ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்தது என்பது. மூன்றாவது பிழைக் குறியீடு. அது சி0000005 என்று முடிந்தால், உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்ட குற்றம்.

மாட்யூல் பெயர் நீங்கள் நிறுவிய ஏதாவது மென்பொருளைச் சேர்ந்ததாக இருந்தால் வேலை முடிந்தது. அந்த மென்பொருளைப் புதுப்பியுங்கள், அல்லது நீக்குங்கள். ஆனால் அடிக்கடி அங்கே என்.டி.டி.எல்.எல்., கெர்னல்பேஸ் என்று விண்டோஸின் சொந்தத் துண்டுகளின் பெயர்தான் இருக்கும். உடனே விண்டோஸ் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு நீட்சி நினைவகத்தை எப்போதோ கெடுத்துவிட்டுப் போயிருக்கும். பிறகு அந்த இடத்தை நேர்மையாகப் பயன்படுத்த வந்த விண்டோஸ் துண்டு தடுக்கி விழும். வாழைப்பழத் தோலைப் போட்டவன் போய்விட்டான், வழுக்கியவன் பெயர்தான் புகாரில் இருக்கிறது. இப்படிப்பட்ட வழக்குகளுக்கு அடுத்த முறைதான் சரி.

அந்த முறை பாதியாக்கல். நிர்சாஃப்ட் வெளியிடும் ஷெல்எக்ஸ்வியூ என்ற இலவச மென்பொருள், உங்கள் கணினியில் குடியிருக்கும் நீட்சிகளை எல்லாம் பட்டியலிடும். மைக்ரோசாஃப்ட்டினுடையவற்றைத் தொடாதீர்கள். மற்றவை 40 இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாக முடக்கிச் சோதித்தால் 40 முறை கணினியைத் தொடங்க நேரலாம். அதற்குப் பதிலாக 20ஐ முடக்கிப் பாருங்கள். விழுவது நின்றால் குற்றவாளி முடக்கிய 20இல் இருக்கிறது, நிற்காவிட்டால் மற்ற 20இல். அந்த 20ஐ 10 ஆக்குங்கள், பிறகு 5, 3, 2, 1. அதிகம் போனால் ஆறே சோதனைகள். நீட்சிகள் 80 ஆக இரட்டித்தாலும் ஏழாவது சோதனை ஒன்றுதான் கூடும். படிவம் 1இல் ஆசாஸ் சைன்ஸ் கொம்புத்தெர் பாடத்தில் லெராயான் என்று படித்தீர்களே, ஒரு பெரிய சிக்கலைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது, அது வேலைக்கு வரும் இடம் இது.

இந்த முறைக்கும் ஒரு வரம்பு உண்டு. குற்றவாளி ஒன்று என்று எண்ணித்தான் பாதியாக்குகிறோம். தனித்தனியாக நல்ல பிள்ளைகளாக இருந்து, சேர்ந்தால் மட்டும் சண்டையிடும் இரண்டு நீட்சிகள் இருந்தால் கணக்கு குழம்பும். ஒரே மடிக்கணினியில் இரண்டு வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்களைப் போட்டு வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கோப்புறையில் இருக்கும் கோப்புதான் சந்தேகம் என்றாலும் இதே பாதியாக்கல் உதவும். கட்டளை வரி வழியாகப் பாதிக் கோப்புகளை வேறு கோப்புறைக்கு மாற்றிவிட்டு, எந்தப் பாதி எக்ஸ்புளோரரை வீழ்த்துகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பாதியில் அறுந்த ஒரு வீடியோ பதிவிறக்கமோ, பழுதான ஒரு படமோ சிக்கும்.

தமிழில் கோப்புகளுக்குப் பெயரிடுபவர்கள் அறிய வேண்டிய தனிச் செய்தி ஒன்று இருக்கிறது. "சுங்கை சிப்புட்" என்று ஒரு கோப்புறைக்குப் பெயர் வைக்கிறீர்கள். நம் கணக்கில் 7 எழுத்துகள். யூனிகோட் கணக்கில் சு என்பது ச ஒன்று, உகரக் குறி ஒன்று. ங் என்பது ங ஒன்று, புள்ளி ஒன்று. இப்படி எண்ணி, நடுவில் உள்ள இடைவெளியையும் சேர்த்தால் 15. விண்டோஸில் ஒரு கோப்பின் முழுப் பாதைக்கும் நெடுங்காலமாக உள்ள எல்லை 260. கோப்புறைக்குள் கோப்புறை என்று தமிழில் நீளமாகப் பெயர் வைத்துக்கொண்டே போனால் அந்த எல்லை நாம் நினைப்பதற்கு முன்பே வந்துவிடும். அப்போது "பெயர் மிக நீளம்" என்ற மறுப்புத்தான் வழக்கமாக வரும். ஆனால் 260 இடம் மட்டும் ஒதுக்கிவிட்டு, அளக்காமல் எழுதும் கவனக்குறைவான நீட்சி ஒன்று இருந்தால், நிரம்பி வழிந்து பக்கத்து நினைவகத்தைக் கெடுத்துவிடும். விளைவு உங்களுக்குத் தெரியும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. விண்டோஸ் 2000இல்தான் தமிழ் அந்த அமைப்புக்குள் வந்தது, லதா எழுத்துருவோடு. வந்ததே யூனிகோடாகத்தான் வந்தது. அதற்கு முந்தைய ஒற்றை பைட் குறியேற்றப் பட்டியல்களில் விண்டோஸ் தமிழுக்கு இடம் தரவே இல்லை. ஆகவே பழைய முறையில் எழுதப்பட்ட மென்பொருள் ஒன்று தமிழ்ப் பெயரைக் கேட்டால் அதற்குக் கிடைப்பது வரிசையாகக் கேள்விக்குறிகள். கேள்விக்குறியோ விண்டோஸ் கோப்புப் பெயரில் தடைசெய்யப்பட்ட குறி. அந்த மென்பொருளால் கோப்பைத் திறக்க முடியாது. மோசமாக எழுதப்பட்டிருந்தால் விழவும் செய்யும். சோதனைக்காக ஒரு கோப்பின் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்க்கலாம். விழுவது நின்றால் தமிழில் பெயர் வைத்தது தப்பு என்று எண்ணிவிடாதீர்கள். 20 ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் ஏற்கும் ஒரு கணினியில் தமிழைப் படிக்கத் தெரியாத மென்பொருள்தான் மாற வேண்டும். பெரிய நிறுவனங்களும் இதில் தடுமாறியிருக்கின்றன. 2018 பிப்ரவரியில் தெலுங்கு எழுத்துச் சேர்க்கை ஒன்று அறிவிப்பாக வந்தாலே ஐபோனின் முகப்பு நிரல் விழுந்து விழுந்து எழுந்தது. குறை எழுத்தில் இல்லை, அதை வரையும் நிரலில் இருந்தது. அதே மாதத்தில் ஆப்பிள் திருத்தம் வெளியிட்டது.

சில வேளை குற்றவாளி கணினிக்குள்ளேயே இருக்காது. 2021 செப்டம்பர் தொடக்கத்தில், விண்டோஸ் 11 பொதுமக்களுக்கு வருவதற்கு முன், அதைச் சோதித்துக்கொண்டிருந்தவர்களின் பணிப்பட்டையும் ஸ்டார்ட் பட்டியலும் திடீரென்று உறைந்தன. அவர்கள் புதிதாக எதையும் நிறுவவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் சர்வரிலிருந்து வந்த ஒரு சிறு தகவல்தான் காரணம். அந்தத் தகவல் கணினியில் சேமிக்கப்பட்டுவிட்டதால், மறுபடி தொடங்கினாலும் கோளாறு போகவில்லை. ரெஜிஸ்ட்ரியில் அந்தத் தகவல் இருந்த சாவியை நீக்கிவிட்டுக் கணினியைத் தொடங்கும்படி மைக்ரோசாஃப்ட் வழி சொன்னது. பணிப்பட்டையே இல்லாமல் அதை எப்படிச் செய்வது? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அது தனி நிரல். எக்ஸ்புளோரர் விழுந்து கிடந்தாலும் வரும். "ரன் நியூ டாஸ்க்" வழியாக அதிலிருந்து எந்த நிரலையும் தொடங்கலாம். இந்த மூன்று விசைகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பிறகு சொல்கிறேன் என்று விட்ட கதை பாக்கி. ஒழுங்கே இல்லாமல் பல நிரல்கள் விழுந்தால் சந்தேகம் வன்பொருள்மேல் போக வேண்டும். விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடி, ரேமைச் சோதியுங்கள். வட்டைச் சோதிக்க செக்டிஸ்க் இருக்கிறது. விண்டோஸின் சொந்தக் கோப்புகள் கெட்டிருக்கின்றனவா என்று பார்க்க, நிர்வாகி உரிமையோடு திறந்த கட்டளை வரியில் எஸ்.எஃப்.சி., ஓர் இடைவெளி, சாய்கோடு, ஸ்கேன்நவ் என்று ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். கெட்டவற்றுக்குப் பதிலாக நல்ல நகலை அது வைக்கும். வலைத்தளங்களில் பலர் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வார்கள். கெடுதல் இல்லை. ஆனால் வெளியார் நீட்சி ஒன்று குற்றவாளியாக இருக்கும்போது இந்தக் கட்டளையை நூறு முறை ஓட்டினாலும் "எந்தக் குறையும் இல்லை" என்றுதான் பதில் வரும். அதற்குத் தன் வீட்டுப் பிள்ளைகளை மட்டும்தான் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் அடங்காவிட்டால் கடைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். போகும்போது ஈவென்ட் வியூவரில் பார்த்த மாட்யூல் பெயர், பிழைக் குறியீடு, எப்போதெல்லாம் விழுந்தது என்று நீங்கள் எழுதிய தாள், மூன்றையும் கையில் கொடுங்கள். பெண்டிரைவை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.